கரிக்கட்டையை எடுத்துவிட்டால் மட்டும் போதாது

அலுமினிய உருக்காலையில் ஒரு கரிக்கட்டைக்கு ஆயுள் நாலு வாரம்கூட நிச்சயமில்லை. பெட்ரோலியம் கோக்கையும் தார்ப்பிசினையும் பிசைந்து, சூளையில் நாள்கணக்கில் சுட்டு, கிரேனில் தூக்கி, அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடு கரைந்திருக்கும் 960 டிகிரி குழம்பில் மின்சாரம் பாய்ச்சும் மின்வாயாக இறக்குவார்கள். திரும்ப எடுக்கும்போது மிஞ்சுவது செக்கச்செவேலென்று ஒரு குட்டைத் துண்டு. மற்றதெல்லாம் புகையாகப் போயிருக்கும். 1886-இல் ஹாலும் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்த முறை. இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை.

ஒரு டன் அலுமினியத்துக்கு 400 கிலோவுக்கு மேல் கரி தேய்கிறது. அதில் மட்டும் சுமார் ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு. அதனால்தான் கரிக்கட்டைக்குப் பதிலாகத் தேயாத அனோடு (நேர்மின்வாய்) பற்றிய செய்தி என்னை இவ்வளவு ஈர்க்கிறது. அல்கோவா, ரியோ டின்டோ என்ற இரண்டு அலுமினிய நிறுவனங்கள் 2018-இல் சேர்ந்து தொடங்கிய எலிசிஸ் நிறுவனம் இந்த வழியில்தான் போகிறது. புகைக்குப் பதில் ஆக்சிஜன் வெளியே வரும்.

இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அலுமினாவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் வேலையில் ஒரு பங்கைக் கரிதான் செய்துகொண்டிருந்தது. கரி போனால் அந்தச் சுமையும் மின்சாரத்தின் தலையில் விழும். கோட்பாட்டளவில் 1.2 வோல்ட் போதுமான இடத்தில் 2.2 வோல்ட் வேண்டும். மின்வாய்களை நெருக்கமாக வைத்து, குழம்பில் வீணாகும் வோல்ட்டைக் குறைத்தால்தான் ஈடுகட்ட முடியும்.

இப்போதே ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 14,000 யூனிட் செலவாகிறது. நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ வைத்தாலும் 14 டன் கார்பன் டை ஆக்சைடு! ஒன்றரை டன்னை மிச்சம் பிடித்துவிட்டு இந்தப் பதினாலைக் கணக்கில் காட்டாமல் 'கார்பன் இல்லாத அலுமினியம்' என்று முத்திரை குத்தினால் அதை நான் ஏற்க மாட்டேன்.

அதனால் என் ஆர்வமெல்லாம் அனோடைச் சுற்றியுள்ள வேலைகளில். சில மணி நேரம் மின்சாரம் நின்றாலே குழம்பு இருக்கும் தொட்டி உறைந்துவிடும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் ஏறி இறங்குவதை அது தாங்காது. ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் டிரிமெட் நிறுவனம் தொட்டிச் சுவர்களில் வெப்பமாற்றிகளைப் பொருத்தி, மின்சாரம் குறையும்போது சூட்டைக் காத்து, கூடும்போது வெளியேற்றிப் பார்த்தது. பெரிய பேட்டரி மாதிரி ஒரு ஆலை! இந்த மாதிரி வேலைக்குப் பணம் போகட்டும். அலுமினாவைச் சுடும் உலையை மின்சாரத்துக்கு மாற்றும் வேலைக்கும் போகட்டும். பழைய அலுமினியத்தை உருக்கப் புதிதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். அப்படியிருக்க, பழைய அலுமினியத்தில் கலந்துகிடக்கும் கலப்பு உலோகங்களை வகை பிரிக்கும் கருவிகளை ஏன் இன்னும் இரண்டாம்பட்சமாக வைத்திருக்கிறோம்?