அந்த போனை நான் எடுக்கவில்லை

கல்லூரிக் கடைசி வருடம். நான் விண்ணப்பித்திருந்த ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. மேசை மேல் கிடந்த மொபைல் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போனது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மணி நின்றது. உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பயத்தைவிட அதுதான் எனக்கு அதிகக் கெடுதல் செய்தது. ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும், "எடுத்திருந்தால் அசிங்கப்பட்டிருப்போம், நல்லவேளை பிழைத்தோம்" என்று மனசு பதிய வைத்துக்கொள்கிறது. எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால் அடுத்த பயம் இன்னும் பெரிதாக வரும். முதலில் போனை எடுக்காமல் இருந்தேன். பிறகு மெயிலைத் திறக்க முடியவில்லை. கடைசியில் விண்ணப்பம் போடுவதையே நிறுத்திவிட்டேன்.

வீட்டில் இதற்குக் கூச்சம் என்று பெயர். கூச்சம் வேறு. கூச்சப்படுகிறவர் தயங்கித் தயங்கியாவது உள்ளே போய்விடுவார். தீவிர சமூகப் பதற்றம் என்பது, அடுத்த வாரம் வரப்போகும் பத்து நிமிடத்துக்காக இன்றே தூக்கத்தைத் தொலைப்பது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980-லேயே இதைத் தனி நோயாகச் சேர்த்துவிட்டது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும் என்பதால், வேலை தேடும் வயதில் நமக்கு அது நோயாகவே தெரியாது. "என் சுபாவமே இப்படித்தான்" என்று ஒப்புக்கொண்டிருப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு ரொம்பத் தாமதமாகப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. அளவுக்கு மீறித் தயாராவதும் தப்பித்தல்தான். ஒரு போன் பேச வேண்டுமென்றால் "வணக்கம் மேடம்" என்பதைக்கூட நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். இன்டர்வியூவுக்கு நாற்பது கேள்விக்கு வார்த்தைக்கு வார்த்தை பதில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எதிரில் இருந்தவர் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார். நான் மனசுக்குள் என் வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். நடுக்கம் தெரியாமல் இருக்க இரண்டு கைகளையும் முட்டிகளுக்கிடையே இறுக்கி வைத்திருந்தேன். அவர் என்ன கேட்டார் என்பது இன்றுவரை ஞாபகமில்லை. என் குரல் எந்த இடத்தில் உடைந்தது என்பது மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-ல் இதைத்தான் விளக்கினார்கள். பதற்றம் வந்ததும் கவனம் முழுக்க உள்பக்கம் திரும்பிவிடுகிறது. முகம் சிவக்கிறதா, குரல் நடுங்குகிறதா என்று நம்மையே வேவு பார்க்கிறோம். அதை மறைக்கச் சின்னச் சின்னத் தற்காப்புகள் செய்கிறோம். அந்தத் தற்காப்புகள்தான் நம்மை விறைப்பாக, ஒட்டாதவராகக் காட்டுகின்றன. பிறகு ராத்திரி முழுக்க அதையே ஓட்டிப் பார்த்து இன்னும் மோசமாக்கிக்கொள்கிறோம்.

என் மனநல ஆலோசகர் ஒரு மாதிரி இன்டர்வியூவை வீடியோ எடுத்தார். ஒரு முறை பழைய பாணியில், ஒரு முறை கையை விட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் சொல்வதை மட்டும் கேட்டு. இரண்டாவதில் எனக்குப் பதற்றம் அதிகம் என்று சத்தியமே செய்திருப்பேன். வீடியோவில் இரண்டாவது ஆள்தான் மனுஷன் மாதிரி இருந்தான். நடுக்கத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு இடத்தில்தான் தெரிந்தது. உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சின் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை ஆலோசகர் அப்போது சொன்னார். சங்கடமான டி-ஷர்ட் போட்டுக்கொண்டு அறைக்குள் போன மாணவர்கள், அங்கே இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்களாம். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

"தைரியமா இரு" என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. தைரியம் வந்த பிறகு யாரும் போனை எடுப்பதில்லை. நான் நூலகத்துக்குப் போன் போட்டு எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டதில் ஆரம்பித்தேன், எழுதி வைக்காமல். போடுவதற்கு முன் "திட்டுவார்கள்" என்று ஒரு தாளில் எழுதினேன். பேசி முடித்ததும் நடந்ததை அதன் கீழே எழுதினேன்: "ஏழு மணி என்றார்." பிறகு வகுப்பு முடிந்து பேராசிரியரிடம் ஒரு சந்தேகம். பிறகு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்கிற வேலைகளுக்கு இன்டர்வியூ. சில நாள் இரண்டு படி பின்னால் வந்தேன். அந்தத் தாள்களை மட்டும் தூக்கிப் போடவில்லை.

மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதற்குக் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. படபடப்பை அடக்க நண்பர்கள் கைமாற்றிக்கொள்ளும் ப்ரோப்ரனலால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

இன்டர்வியூ எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அறையில் எத்தனை பேர் இருப்பீர்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே மெயிலில் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு இரண்டு வரி, எங்களுக்கு ஒரு வாரத் தூக்கம்.

பேசவே முடியாதவன் டாக்டரிடம் போய் எப்படிச் சொல்வது என்று சிலர் இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். எழுதிக்கொண்டு போங்கள். நான் ஒரு பக்கம் எழுதி மடித்துக் கொண்டுபோய், ஒரு வார்த்தை பேசாமல் அவர் மேசையில் வைத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு, "இதில் மூன்றாவது வரியிலிருந்து ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.