ஸ்வீடனில் சம்பளத்தைச் சந்தையிடம் விடவில்லை

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வேண்டாம் என்று வாதாடும்போது, "ஸ்வீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது, சம்பளத்தைச் சந்தையிடம் விட்டுவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி தவறு.

அங்கே அடிமட்டச் சம்பளத்தை முடிவு செய்வது தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் துறைவாரியாகப் போடும் ஒப்பந்தங்கள். பத்துத் தொழிலாளர்களில் ஏறக்குறைய ஒன்பது பேர் அதற்குள் வந்துவிடுகிறார்கள். 1938இல் தொழிற்சங்கத் தரப்பும் முதலாளிகள் தரப்பும் சால்ட்ஷோபாடன் உடன்படிக்கை போட்ட காலத்திலிருந்தே இதுதான் ஏற்பாடு. அரசு ஒதுங்கி நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் தொழிலாளி தனியாக நின்று பேரம் பேசுவதில்லை.

ஒரு நிறுவனம் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன நடக்கும்? அப்படி மறுத்த அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனம் டெஸ்லாவைப் பாருங்கள். 2023 அக்டோபரில் ஸ்வீடனில் அதன் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அப்புறம் துறைமுகத் தொழிலாளர்கள் அந்தக் கார்களைக் கப்பலிலிருந்து இறக்க மாட்டோம் என்றார்கள். தபால் ஊழியர்கள் புது வண்டிகளுக்கான நம்பர் பிளேட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. இன்னொரு துறைக்காக இப்படி வேலையை நிறுத்த அங்கே சட்டமே இடம் தருகிறது.

சட்டம் போட்டுக் கூலியை ஏற்றினால் அனுபவமில்லாத இளைஞர்களுக்கு வேலை கிடைக்காமல் போகும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் சொன்னது தனி வாதம். அதைப் பேசலாம், பேசவும் வேண்டும். அதற்கு ஸ்வீடனைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.