ரோசின் பூசாத வில்

வயலின் வில்லில் கட்டியிருப்பது குதிரை மயிர். ரோசின் என்கிற பிசின் கட்டியைப் பூசாமல் அதைத் தந்தியில் இழுத்துப் பாருங்கள், சத்தம் வராது. மயிர் வழுக்கிக்கொண்டு போகும், காற்று உரசுவது போல ஒரு சீறல் மட்டும் கேட்கும். ரோசின் பூசினால்தான் மயிர் தந்தியைப் பிடித்து இழுத்து விடும், திரும்பவும் பிடித்து இழுத்து விடும். அந்தப் பிடியில்தான் நாதம் பிறக்கிறது. வயலின் படிக்கிற பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே இது தெரியும். படிப்பிக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

தெரிந்துகொண்டுதான், நவராத்திரி வாணி விழா மேடையில் என் மகளின் கையில் ரோசினே படாத புது வில்லைக் கொடுத்து இருத்தினார்கள்.

அவளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருசத்துக்கு முன்னம் விஜயதசமி அன்று அந்த வயலின் பள்ளியில் சேர்த்தோம். தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் தட்சணையும் வைத்து, பள்ளியை நடத்துகிற சேருடைய காலில் விழுந்து கும்பிட்டுத்தான் முதல் ச-வை அவள் இழுத்தாள். இந்த முறை பதினாலு பிள்ளைகள் சேர்ந்து கோணேசர் பதிகம் வாசிக்கிறதாக ஏற்பாடு. ஞானசம்பந்தர் எங்கட ஊர்ச் சாமிமேல் பாடிய பதிகம் அது. மூன்று கிழமையாக என் பிள்ளை அதைத்தான் வாசித்தாள். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றின கையோடு வயலின் பெட்டியைத் திறப்பாள். திருகோணமலை உவர்மலையில் எங்கட வீட்டுக்கு அடுத்த வீட்டு ஆச்சிக்கே அந்த மெட்டு மனப்பாடம்.

மேடையில் நடந்ததை என் போனில் எடுத்த வீடியோவில் எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. தொடங்கி இரண்டாவது வரியில் அவள் குனிந்து தந்தியைப் பார்க்கிறாள். வில்லை அமத்துகிறாள். பிறகு வில்லைத் திருப்பி மயிரைப் பார்க்கிறாள். ஓரத்தில் நிற்கிற மிஸ்ஸைப் பார்க்கிறாள். மிஸ் கையால் ‘இழு, இழு’ என்று சைகை காட்டுகிறா. பிள்ளை முகம் சுருங்கி, மற்றப் பிள்ளைகளின் வில்லைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி மேலும் கீழும் இழுத்துக்கொண்டு முடிக்கிறாள். நான் முன் வரிசையில் இருந்து கை தட்டினேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று இரவு பாயில் படுத்துக்கொண்டு கேட்டாள்: “அம்மா, என்ட வயலின் பழுதாப் போச்சோ? நான் எவ்வளவு அமத்தியும் அது வாசிக்கேல்லம்மா.”

மேடைக்குப் பின்னால் வைத்து, “உன்ட வில்லில மயிர் அறுந்திருக்கு, இதைப் பிடி” என்று சொல்லி வில்லை மாற்றியிருக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்த கையோடு அவளுடைய வில்லைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வகுப்பில் கூடப் படிக்கிற பிள்ளை ஒன்றுதான் விசயத்தைச் சொன்னது: “உனக்குச் சுருதி நிக்காதாம், அதான் சத்தம் வராத வில்லைத் தரச் சொல்லிச் சேர் சொன்னவர்.” இதை என் மகள் எனக்கு வந்து சொன்ன விதத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

சுருதி ஏன் நிற்கவில்லை என்று அந்த இரண்டு வருசத்தில் ஒருத்தராவது பார்த்தார்களா? நான் பார்க்கப் போனேன். திருக்கடலூர்ப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த வயசான ஐயா ஒருவர் இருக்கிறார், ஒரு காலத்தில் கச்சேரிகளுக்கு வயலின் வாசித்தவர். அவரிடம் பிள்ளையையும் வயலினையும் கொண்டுபோனேன். பிள்ளையைச் சம்மணம் போட்டு இருத்தி, வயலினின் தலைப் பக்கத்தைக் காலில் வைக்கச் சொன்னார். இடது கையை ஒரு முறை பார்த்தார். “பிள்ளை, இது முழு வயலின். ஆர் இந்தக் குழந்தைக்கு இதைக் குடுத்தது?” என்று கேட்டார்.

வயலினில் அளவு இருக்கிறது. கால், அரை, முக்கால், முழு. அரை என்றால் நீளத்தில் பாதி என்று அர்த்தமில்லை. முழு வயலினின் உடல் ஏறக்குறைய 14 அங்குலம், அரை வயலின் 12 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. பெரியவர்களுக்கு அது சின்ன வித்தியாசம். ஏழு வயசுப் பிள்ளையின் விரலுக்கு அது வேறு உலகம். வயலின் பெரிதானால் ஒவ்வொரு சுரத்துக்கும் இடையில் உள்ள தூரமும் கூடும். சின்னக் கை எட்டாது. எட்டாத விரல், தந்தியை முறுக்குகிற பிருடைப் பக்கமாகக் கட்டையாய் விழும், சுரம் இறங்கித்தான் ஒலிக்கும். ஐயா தன்னிடம் இருந்த பழைய அரை வயலினை எடுத்துத் தந்தியைச் சுருதிக்குக் கூட்டி, சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு அவளை வாசிக்கச் சொன்னார். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, எல்லாப் பிள்ளைகளும் முதலில் படிக்கிற பாடம். மேல் ச வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். ஒரு இடம் தவிர எல்லாம் சரி. ஐயா என்னைப் பார்த்து, “செவி நல்லா இருக்குப் பிள்ளை, கைதான் எட்டேல்ல” என்றார்.

அந்த முழு வயலினை எங்களுக்கு விற்றது ஆர் தெரியுமா? அந்தப் பள்ளிதான். 38,000 ரூபாய். “வளருற பிள்ளை, பெரிசா வாங்கினாப் பிறகும் பாவிக்கலாம்” என்று சொல்லி விற்றது அதே சேர்தான். எங்களுக்கு வயலின் தெரியாது. அவருக்குத் தெரியும் என்று நம்பித்தானே போனோம்!

இதைப் போய்க் கேட்கிறதா விடுகிறதா என்று நான்கு நாள் வீட்டில் சண்டை. மகளின் அப்பா, “விடு, அடுத்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சை, எப்படியும் வகுப்பை நிப்பாட்டத்தானே வேணும்” என்றார். மாமி, “குருவோட வாதாடினா வித்தை வராது” என்றா. இந்த ஊரில் ஆரோடும் ஒன்றும் நேரே கேட்க முடியாது. வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலில் சேருடைய மனைவிக்குப் பக்கத்தில்தான் நான் நிற்க வேண்டும். மீன் வாங்கப் போனால் சந்தையில் அவர். கலியாண வீட்டில் பந்தியில் எதிரில் அவர். என் மச்சாளுடைய மகனை அவருடைய சொந்தத்துக்குள் பேசுகிறார்கள். இவ்வளவும் யோசித்துத்தான் நான் போனேன். மரியாதையாகப் போனேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போகும் வரை வாசலில் நின்று, அவர் தனியாக இருக்கும்போது உள்ளே போய், “சேர், ஒரு விசயம் கதைக்கலாமோ?” என்றேன்.

“சொல்லுங்கோ தங்கச்சி, காசு பிந்துமோ?” என்றார்.

மாதம் 2,500 ரூபாய், ஒரு மாதமும் பத்தாம் திகதி தாண்டியதில்லை. அதைச் சொன்னேன். பிறகு வில்லைப் பற்றிக் கேட்டேன். அவர் மறுக்கவேயில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. மறைக்க வேண்டிய ஒன்றென்று அவருக்குத் தோன்றவேயில்லை.

“தங்கச்சி, மேடை எண்டா மேடை. ஒரு பிள்ளை பிசகினா மற்றப் பதின்மூண்டு பிள்ளையின்ட மானமும் போகும்.”

“அப்ப அவவை ஏத்தாமல் விட்டிருக்கலாமே சேர்? என்னட்டச் சொல்லியிருக்கலாமே?”

“ஏத்தாட்டியும் வந்து கேப்பியள். ஏத்தினாலும் கேக்கிறியள்.”

அளவைப் பற்றிச் சொன்னதும் அவருடைய குரல் மாறிவிட்டது. “உங்களுக்கு ஆர் இதெல்லாம் சொல்லித் தாறது? நீங்க சங்கீதம் படிச்சனீங்களோ? ரெண்டு வருசமா மற்ற அம்மாமார் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. மாதா பிதா குரு தெய்வம் எண்டு சும்மா சொல்லேல்ல தங்கச்சி. விருப்பமில்லையெண்டா வேற இடம் பாருங்கோ.”

அந்த வரிசையில் முதலில் நிற்பது மாதா. அதைத்தான் நான் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் சங்கீதம் படிக்கவில்லைதான். சாப்பாட்டில் கல் கிடந்தால் சமைக்கத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டுமா? பல்லில் கடிபட்டவருக்குச் சொல்ல உரிமையில்லையா? ஒரு மணித்தியால வகுப்பு, பதினாலு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிசம் கூட வராது. அதிலும் பாதி நேரம் தந்தி கூட்டுவதில் போய்விடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மரம் காய்ந்து பிருடை வழுக்கும், தந்தி நிற்காது. வாடை தொடங்கினால் ஈரத்தில் ஊதிப்போய் இறுகிவிடும், திருக ஏலாது. வழுக்கினால் கொஞ்சம் சோக்கு பூசுவார்கள், இறுகினால் சவுக்காரம் தேய்ப்பார்கள் என்று ஐயாதான் எனக்குச் சொன்னார். கடலுக்கு நடுவில் இருக்கிற ஊரில் வயலின் படிப்பிக்கிற இடத்தில் இதை ஒரு பிள்ளைக்காவது சொல்லிக் கொடுத்தார்களா? கூட்டாத வயலினில் இரண்டு வருசம் வாசிக்க விட்டுவிட்டு, பிள்ளைக்குச் செவி இல்லை என்கிறார்கள்.

மிஸ்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் முழுக் கோபமும் அவமேல் இல்லை. இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசுப் பிள்ளை, சேர் சொன்னதைச் செய்தவ. சேர் வகுப்புக்குள்ளேயே வருவதில்லை. சேர்க்கும்போது அவருடைய பெயரைப் பார்த்துச் சேர்த்தோம்; முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு அவருடைய வில்லை ஒரு பிள்ளையும் காணவில்லை. பாவம் அந்த மிஸ், வில்லை மாற்றிக் கொடுக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தவவாம். அதையும் என் மகள் கவனித்திருக்கிறாள்.

நான் வீட்டுக்கு வந்து சேர முதலே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பதிவு வந்துவிட்டது. பெயர் போடவில்லை. குருபக்தி இல்லாத வீட்டில் கலை வளராது என்று நாலு வரி. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். என்னோடு ஒன்றாக வாசலில் கதிரை போட்டு இருந்து இரண்டு வருசம் கதைத்த அம்மாமார்தான் அவ்வளவும். அரை மணித்தியாலத்தில் அவர்களில் மூன்று பேர் எனக்குத் தனியாக எழுதினார்கள். ஒருவர், “அக்கா, என்ட மகனுக்கும் முழு வயலின்தான் தந்தவை, தோள் நோகுதெண்டு அழுறான்.” இன்னொருவர், போன வருசம் தன் மகளுக்கும் இதே வில்லைத் தந்ததாகவும், பிள்ளை அதற்குப் பிறகு வயலினைத் தொடவே மாட்டேன் என்று நிற்பதாகவும். மூன்று பேரும் கடைசி வரியில் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: என்ட பேரை இழுக்காதேங்கோ.

போன வருசம்! போன வருசம் அந்த அம்மா வாயைத் திறந்திருந்தால் இந்த வருசம் என் பிள்ளையின் கையில் அந்த வில் வந்திருக்காது. எனக்கு அவமேல் கோபம் வருகிறது, அடுத்த நிமிசம் என்மேலேயே வருகிறது. வகுப்பில் பிள்ளைகள் கூடுகிறதையும், சேர் வராததையும் நானும்தான் பார்த்தேன். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு விண்ணப்பம் வகுப்பு மூலம்தானே போகிறது, சேரைப் பகைக்கக் கூடாது என்று நானும்தான் பேசாமல் இருந்தேன். அவர் எங்களைப் பயமுறுத்தவே தேவையில்லை. எங்கட பயத்தை நாங்களே மாதா மாதம் காசோடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

இப்போது வீட்டில் ஐயா கொடுத்த அரை வயலின் இருக்கிறது. நேற்று அவள் பெட்டியைத் திறந்து, ரோசின் கட்டியை எடுத்து, வில்லின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பூசினாள். திரும்பவும் பூசினாள். வெள்ளைத் தூள் பாவாடையில் கொட்டுகிற அளவுக்குப் பூசினாள். “காணும் பிள்ளை” என்றேன். “கொஞ்சம் பொறுங்கோம்மா” என்றுவிட்டு ஒரு தந்தியில் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். சத்தம் வந்த பிறகுதான் நிமிர்ந்தாள். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் செய்கிறாள்.

வாற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, வகுப்பு முடிகிற நேரம், நான் திரும்பப் போகிறேன். இந்த முறை எல்லாரும் போகும் வரை வாசலில் நிற்க மாட்டேன். முழு வயலினைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, இரண்டு வருசத்துக்கு முன்னம் தந்த பற்றுச்சீட்டையும் பக்கத்தில் வைத்து, மூன்று விசயம் கேட்பேன். வயலினை எடுத்துக்கொண்டு காசைத் தாங்கோ. எல்லாப் பிள்ளைகளின் கையையும் அளந்து பாருங்கோ. என் மகளைக் கூப்பிட்டு, அன்றைக்கு உன் வயலின் பழுதாகவில்லை, நாங்கள்தான் வில்லை மாற்றினோம் என்று உங்கட வாயால் சொல்லுங்கோ. எனக்குத் தனியாக எழுதின மூன்று பேருக்கும் நேரம் தெரியும், இடம் தெரியும். உங்கட பெயரை நான் எங்கும் எழுதவில்லை. நீங்களே வந்து நில்லுங்கோ.