வறண்ட தோலில் மணம் தங்காது

வாசனைத் திரவியம் நீடிக்க மணிக்கட்டிலும் கழுத்திலும் கூடுதலாகத் தெளித்தால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இதை என்னால் ஏற்க முடியவில்லை. தெளிக்கும் அளவைவிடத் தோலின் ஈரப்பசைதான் முக்கியம். என் தோல் மிகவும் வறண்டது. காலையில் பூசிய மணம் மதியத்துக்குள் மறைந்துவிடும். பிறகு, குளித்துத் துடைத்த கையோடு மணமில்லாத மாய்ஸ்சரைசரைத் தடவி, அது தோலில் ஊறியபின் தெளிக்கத் தொடங்கினேன். இப்போது மாலையில் சட்டைக் கையை மடிக்கும்போதுகூட முழங்கையின் உள்மடிப்பில் சந்தனத்தின் மெல்லிய சாயல் இருக்கிறது.

எந்த மணம் என்பதையும் பார்க்க வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு வகை மணங்களின் மூலக்கூறுகள் சிறியவை, சீக்கிரம் ஆவியாகிவிடும். அதற்காகத் தயாரித்தவரைத் திட்டிப் பயனில்லை. சந்தனம், கஸ்தூரி, வெனிலா போன்றவை மெதுவாகத்தான் ஆவியாகும். புட்டியில் 'ஓ டி பர்ஃபம்' என்றிருந்தால் பொதுவாக 15 முதல் 20 சதவீதம் வரை மணப்பொருள் இருக்கும். 'ஓ டி டாய்லெட்' என்றால் அதைவிடக் குறைவு.

எல்லாரும் மறப்பது இதைத்தான்: நம் மூக்கு பழகிவிடும். நமக்குத் தெரியவில்லை என்றதும் மணம் போய்விட்டது என்று நினைத்து மறுபடி தெளிக்கிறோம். பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வந்துவிடுகிறது. அதற்கு முன் யாரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள், தயவுசெய்து. புட்டியைக் குளியலறையிலோ ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள். வெப்பமும் வெளிச்சமும் உள்ளே இருப்பதையே கெடுத்துவிடும்.