செம்பு வாலை கட்டுகிறீர்களா? கழற்றிப் பூட்டுகிற மாதிரி கட்டுங்கள்

வீட்டிலேயே செம்பில் ஒரு வாலை, அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்து வடிக்கிற கருவி, கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கட்டுங்கள், ஆனால் ஒரே உடம்பாகப் பற்றவைத்துக் கட்டாதீர்கள். அடிப்பானை தனி, அதன்மேல் ஆவி ஏறிப்போகிற தூண் தனி, அந்தத் தூணும் இரண்டு மூன்று துண்டாக, தலை தனி, குளிர்விக்கும் குழாய் தனி என்று எல்லாமே கையால் கழற்றிப் பூட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். நல்ல தண்ணீர் ஓடுகிற ஊரில் இருப்பவர்கள் எப்படிக் கட்டினாலும் சமாளித்துவிடலாம். மண்டபத்திலிருந்து ஏர்வாடி, சாயல்குடி வரை இந்த ராமநாதபுரக் கடற்கரை உப்புக்காற்றில் இருக்கிற நமக்கு, திறந்து கழுவ முடியாத வாலை சீக்கிரமே எடைக்குத்தான் போகும்.

வாலை என்றதும் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரியும். "என்னண்ணே, சாராயமா?" இல்லை. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் 1937-லிருந்து இருக்கிறது. அதில் காய்ச்சுவது மட்டும் குற்றம் இல்லை, காய்ச்சுவதற்கென்று கருவி வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வீடுகளை நினைத்தால், பொழுதுபோக்கு என்ற பெயரில்கூட அந்தப் பக்கம் போக எனக்கு மனசு வராது. இன்பாக்ஸில் வந்து அதைக் கேட்பவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை, இனியும் போட மாட்டேன்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம் இதுதான்: அந்த ஒரு சந்தேகத்தால் வடிக்கிற கைத்தொழில் மொத்தமும் வீட்டைவிட்டு வெளியே போய்விட்டது. சித்த மருத்துவத்தில் தீநீர் என்று ஒரு தனி மருந்து வகையே இருக்கிறது. ஓமத் தீநீர், சோம்புத் தீநீர் எல்லாம் வாலையில் வடித்தவைதான். உத்தரப்பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில் இன்றைக்கும் செம்புப் பானை வைத்து, மூங்கில் குழாய் பூட்டி, விறகு எரித்து அத்தர் எடுக்கிறார்கள். ஒடிசாவில் கஞ்சம் மாவட்டக் கடற்கரையில் தாழம்பூவை அதே மாதிரி வடித்து அதிலேயே பிழைக்கிற ஊர்கள் இருக்கின்றன. நம் ஓடைக்கரைகளில் தாழை இல்லையா? மணலில் வெட்டிவேர் வளராதா? நம் ஆட்கள் ஓமத்தண்ணீரைப் பாட்டிலில் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் ஒளித்து வைத்துச் செய்யாதீர்கள். முன்வாசலில், நாலு பேர் பார்க்கிற இடத்தில் பூட்டுங்கள், என்ன போடுகிறீர்கள், என்ன வருகிறது என்று காட்டுங்கள், முடிந்தால் உள்ளூர் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சர்க்கரை, வெல்லம், கருப்பட்டிப் பாகு எதுவும் அந்தப் பானைக்குள் போகக் கூடாது.

சரி, கட்டுமானத்துக்கு வருகிறேன்.

அடிப்பானைக்குச் செம்பு தேவையில்லை. முப்பது லிட்டர் கொள்ளும் எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர் பானை போதும், செம்பு அடி வைத்தால் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பு அதைச் சூடாக்கவே செய்யாது. செம்பு வேண்டியது ஆவி போகிற பாதையில்தான். எஸ்.எஸ்.-ஐவிடச் செம்பு ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும், அதனால் குளிர்விக்கும் குழாயைக் குட்டையாகவே வைக்கலாம். இலை தழைகள் நெடுநேரம் வேகும்போது ஒரு கந்தக நாற்றம், வெந்த முட்டைக்கோஸ் வாடை வரும், அதைச் செம்பு பெருமளவு பிடித்துக்கொள்ளும். எஸ்.எஸ்.-இலேயே வடித்த துளசித் தண்ணீரையும் செம்பு வழியாக வந்ததையும் பக்கத்தில் வைத்து முகர்ந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும்.

தூணுக்கு 54 மில்லிமீட்டர் குழாய். இது சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் லைன் போடுகிறவர்களிடம் கேளுங்கள், அவர்கள் பயன்படுத்துவது செம்புக் குழாய்தான், மிச்சத் துண்டுகள் அவர்களிடம் இருக்கும். ஓர் அடி, ஒன்றரை அடித் துண்டுகளே நமக்குப் போதும், துண்டு துண்டாகக் கட்டுவதில் இது ஒரு லாபம். ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையிலும் 2 இன்ச் டிசி கிளாம்ப் வளையம். பால் பண்ணைகளிலும் மருந்து கம்பெனிகளிலும் குழாய்களைக் கழுவுவதற்காகக் கழற்றுவார்களே, அதே கிளாம்ப். அந்த அளவு வளையத்தின் வெளிவிட்டம் 64 மில்லிமீட்டர், எந்த ஊரில் வாங்கினாலும் ஒன்றோடொன்று பொருந்தும். இன்றைக்கு ஒரு துண்டு, அடுத்த மாதம் கையில் காசு வரும்போது இன்னொரு துண்டு என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

பற்றவைப்பதற்கு நம் பகுதியில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வளைகுடாவில் ஏசி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், செம்புக் குழாய் ஒட்டுவது அவர்களுக்குத் தூக்கத்தில்கூட வரும். ஆனால் ஒரு விஷயத்தை அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். செம்பையும் செம்பையும் ஒட்ட, ஏசிக்குப் போடுகிற பாஸ்பரஸ் கலந்த ராடு போதும், ஃப்ளக்ஸ் (ஒட்டுகிற இடத்தில் பூசுகிற மருந்து) வேண்டாம். எஸ்.எஸ். வளையத்தைச் செம்பில் ஒட்டுவதற்கு அதே ராடைப் போட்டால் பார்க்க ஒட்டினமாதிரி இருக்கும், பிறகு நொறுங்கும். அதற்கு வெள்ளி ராடும் ஃப்ளக்ஸும்தான். வெள்ளி ராடிலும் காட்மியம் கலந்தது விற்பனைக்கு வருகிறது, அதன் புகையும் விஷம், வாயில் போகிற பொருளை வடிக்கும் கருவிக்கும் அது ஆகாது, காட்மியம் இல்லாதது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். காரீயம் கலந்த பற்றாசு எந்த இடத்திலும் கூடாது. விலை கூடத்தான் செய்யும், இந்த ஓர் இடத்தில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள்.

கிளாம்புக்கு நடுவில் வைக்கிற வாஷர் டெஃப்ளானாக இருக்கட்டும். கடையில் சிலிக்கான்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். வாசனைப்புல் (லெமன்கிராஸ்) எண்ணெயும் ஓம எண்ணெயும் படப்பட அது உப்பி, வாடையையும் இழுத்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவை வடிக்கும் வெட்டிவேரில் கொண்டுவந்து விடும். தூணுக்குள் அடைக்கிற செம்பு வலைக்கும் ஒரு எச்சரிக்கை: பாத்திரம் தேய்க்க விற்கிற செம்பு நார் பலதும் இரும்பின்மேல் செம்பு முலாம் பூசியது. கடையிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் வாங்காதீர்கள்.

இனி, நம் கரைக்கே உரிய விஷயம். குளிர்விக்கும் தண்ணீர்.

நீராவி குளிர்ந்து ஒரு லிட்டர் தண்ணீராகும்போது 2,257 கிலோஜூல் வெப்பத்தைக் கக்கும். அதை வாங்கிக்கொண்டு போகிற தண்ணீர் 20 டிகிரி சூடேற விட்டால்கூட, வடிகிற ஒவ்வொரு லிட்டருக்கும் 27 லிட்டர் பச்சைத்தண்ணீர் ஓட வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் குழாயைத் திறந்து சாக்கடையில் விடுகிறார்களே, அதைப் பார்த்து நாமும் செய்யலாமா? ஊற்று தோண்டி, தண்ணீர் ஊறும் வரைக்கும் குடத்தோடு உட்கார்ந்திருந்த பெண்களின் பிள்ளைகள் நாம். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது என்பதற்காக அதை இப்படி ஓடவிடுவது பாவம், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. 200 லிட்டர் டிரம், ஏர்கூலரில் போடுகிற சின்ன மோட்டார், அவ்வளவுதான், அதே தண்ணீரைச் சுற்றவிடுங்கள். வெயில் நேரத்தில் டிரம் சீக்கிரம் சூடாகிவிடும், அதனால் விடியற்காலையில் ஆரம்பித்து முடித்துவிடுவது நல்லது.

அந்த டிரம்மில் நாம் ஊற்றப்போவதும் போர்வெல்லில் வருகிற உப்புத்தண்ணிதான். சூடான செம்பைச் சுற்றி உப்புத்தண்ணி ஓட ஓட உள்ளே வெள்ளையாகப் படியும். படிந்தது வெப்பத்தைத் தடுக்கும், அப்புறம் வாயில் தண்ணீருக்குப் பதில் ஆவி வர ஆரம்பிக்கும். குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற மேலுறையை இரண்டு முனையிலும் பற்றவைத்து மூடியிருந்தால் அதை எப்படிச் சுரண்டுவீர்கள்? உறையும் கழல வேண்டும், உள்குழாயைத் தனியாக உருவி எடுத்து, எலுமிச்சையோ புளியோ போட்டு ஊறவைத்துத் தேய்க்க முடிய வேண்டும். நான் முதலில் சொன்ன பிடிவாதத்துக்குக் காரணம் இதுதான். வெளியேயும் இதே கதை, கடற்காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். வடித்து முடித்த அன்றைக்கே கழற்றி, துடைத்து, காயவைத்து, துணியில் சுற்றி வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

கழற்றிப் பூட்டுவதில் இன்னொரு பெரிய வசதி, ஒரே பானையின் மேல் வேலைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். ஓமத்தண்ணீருக்குத் தூணே வேண்டாம். ஓமத்தை ஒன்றிரண்டாக இடித்து இரவே ஊறப்போட்டு, பானைக்கு மேல் நேராகத் தலையைப் பூட்டினால் போதும். கொஞ்சம் எண்ணெய் மேலே மிதக்கும், அதை நாள்பட வைத்தால் படிகம் கட்டுவதும் உண்டு, மருந்துக்கடையில் ஓம உப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். வாசனைப்புல்லுக்கு அடியில் துளைத்தட்டு வைத்த 4 இன்ச் அகலத் துண்டை நடுவில் பூட்டி, புல்லை நறுக்கி அதில் அடைத்து, கீழிருந்து ஆவியை மட்டும் ஏற்றுங்கள். பத்து கிலோ பச்சைப் புல்லுக்கு 20 முதல் 50 கிராம் எண்ணெய் வரும், அதைக் குறைவு என்று நினைக்காதீர்கள், கூட வருகிற வாசத் தண்ணீர் லிட்டர் கணக்கில் இருக்கும். வெட்டிவேர் பொறுமைக்காரர்களுக்கு. நாள் முழுக்க ஆவி ஏற்ற வேண்டும், எண்ணெயின் எடையும் தண்ணீரின் எடையும் ஏறக்குறைய ஒன்று என்பதால் பிரிவதும் லேசில் பிரியாது.

உப்புத்தண்ணியை வடித்து நல்ல தண்ணீர் எடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எடுக்கலாம். வலை அடைத்த தூண் துண்டு அங்கேதான் உதவும், கொதிக்கும்போது தெறித்துக்கொண்டு ஆவியோடு போகிற உப்புத்துளிகளை அது பிடித்துக் கீழே விட்டுவிடும். ஆனால் லிட்டருக்கு முக்கால் யூனிட் கரண்ட் ஆகும். ஆயிரம் லிட்டருக்கு 700 யூனிட்டுக்கு மேல். கடல்நீரையே ஆர்.ஓ. முறையில் சுத்தம் செய்ய அதே ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் போதும், நம் நரிப்பையூரில் அதற்கென்று நிலையமே கட்டினார்கள். ஆகவே வாலை குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கும் என்று யாரும் கதை விட வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதும் கூடாது, செம்பு சிறிது கரைந்திருந்தாலும் பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும். அதற்காகத்தான் வடிக்கிறீர்கள் என்றால் தலையையும் குழாயையும் எஸ்.எஸ்.-க்கு மாற்றிப் பூட்டுங்கள்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்டது. வாலையின் வாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். எந்த இடத்திலும் அடைப்பு வால்வு வைக்காதீர்கள். புல்லை இறுக்கி அடைத்தால் ஆவிக்கு வழி இல்லாமல் அழுத்தம் ஏறும். பழைய ஆட்கள் மூட்டுகளைச் சீலைமண்ணால் பூசினார்கள், மாவைப் பிசைந்தும் பூசினார்கள், அழுத்தம் மிஞ்சினால் அது பிய்த்துக்கொண்டு ஆவியை வெளியே விட்டுவிடும். கிளாம்ப் அப்படி விடாது. அதனால் பானை மூடியில் குக்கரில் இருக்கிற மாதிரி ஒரு சேஃப்டி வால்வு கட்டாயம். எண்ணெய் வடிகிற வாய்க்குப் பக்கத்தில் விறகு நெருப்பு இருக்கக் கூடாது, இங்கே எல்லாரும் சீமைக்கருவேல விறகில்தான் எரிப்போம் என்பதால் இதைச் சொல்கிறேன். குழாயை நீட்டி, வாங்குகிற ஜாடியை அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். குழந்தைகள் பார்க்கட்டும், எட்ட நின்று.

தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் தாழம்பூ மொத்தமாகக் கிடைக்கிற இடம் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பூ விரிகிற காலத்தில் நான் அடிப்பானையும் துண்டுகளுமாக வண்டியில் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், அந்த இடத்திலேயே பூட்டி வடித்துப் பார்ப்போம்.