ஸ்பெயின்காரர்கள் தேட வேண்டிய தாத்தா

சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஸ்பெயின் நாட்டுத் தொழில்முனைவோரைப் பற்றிப் பேச்சு வந்தால், கூடவே ஒரு பழம்பெருமையும் வந்துவிடும். சான் ஹோசே, சாண்டா கிளாரா, சான் மட்டேயோ எல்லாம் நாங்கள் வைத்த பெயர்தானே, இங்கே நாங்கள் என்ன புதுசா என்று. பெயர்ப்பலகையைப் பார்த்தால் மறுக்க முடியாதுதான். ஆனாலும் இந்தப் பெருமை தப்பான முகவரியில் போய் நிற்கிறது என்பது என் கட்சி.

ஸ்பெயின் தளபதி போர்த்தோலாவின் படை இந்தப் பக்கம் வந்தது 1769இல். 1777 ஜனவரியில் சாண்டா கிளாரா மிஷன் (பழங்குடிகளை மதம் மாற்றிக் குடியேற்றிய பாதிரியார்களின் குடியிருப்பு), அதே ஆண்டு நவம்பரில் சான் ஹோசே ஊர். 1821இல் மெக்சிகோ விடுதலை அடைந்தது. ஆக, ஸ்பெயின் கொடி இங்கே பறந்தது 52 வருஷம். 1776இல் அன்சா என்ற படைத்தலைவரோடு தரைவழியே வந்து குடியேறிய குடும்பங்களில் மாட்ரிட்காரர்களைத் தேடாதீர்கள். பெரும்பாலோர் இன்றைய மெக்சிகோவின் சினலோவா, சொனோரா பகுதி ஏழைகள். பழங்குடி ரத்தமும் ஆப்பிரிக்க ரத்தமும் கலந்தவர்கள். மிஷன்களைக் கட்டிய கை இந்த மண்ணின் பழங்குடிகளான ஒலோனி மக்களுடையது. ஞானஸ்நானம் வாங்கிய பிறகு நினைத்தபோது வெளியே போக முடியாது, ஓடினால் பிடித்துவந்து சவுக்கடி. அப்புறம் தட்டம்மை வந்து கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மிஷன்களைத் தொடங்கிவைத்த மயோர்க்காத் தீவுப் பாதிரியார் ஹுனிப்பெரோ செர்ராவின் பெயரைத் தன் முக்கியச் சாலையில் இருந்து எடுக்க ஸ்டான்ஃபோர்டு 2018இல் முடிவுசெய்தது. 280 நெடுஞ்சாலை மட்டும் இன்னும் அவர் பெயரில்தான் ஓடுகிறது. இந்தப் பாரம்பரியத்தை உரிமை கொண்டாடுகிறவர்கள் சவுக்கையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாம் பார்க்கிற 'ஸ்பானியத் தோற்றத்தில்' பாதி அமெரிக்கத் தயாரிப்பு என்பது இன்னொரு வேடிக்கை. மிஷன்களை இணைத்த எல் கமினோ ரியால் சாலை ஓரமாகத் தொங்கும் மணிகளை 1906 முதல் நட ஆரம்பித்தது கலிபோர்னியாவின் மகளிர் சங்கங்களும் வாகன ஆர்வலர்களும். சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் மிஷன் தேவாலயம் 1926 தீவிபத்துக்குப் பின் மறுபடி கட்டியது. வீடு விற்கவும் சுற்றுலாப் பயணிகளை இழுக்கவும் பூசிய பவுடர் இது.

சரி, அப்படியானால் ஸ்பெயினுக்கு இங்கே உண்மையான பாரம்பரியமே இல்லையா? இருக்கிறது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தெற்கு ஸ்பெயினின் மலகா பகுதித் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்சரா பூச்சி அழித்தது. மலகாவை உள்ளடக்கிய அந்தலூசியாவில் நிலமெல்லாம் சில பெரிய குடும்பங்கள் கையில். மற்றவர்களுக்கு அன்றாடக் கூலி, அதுவும் கிடைத்தால். அந்த நேரத்தில் ஹவாய்க் கரும்பு முதலாளிகள் ஆள்தேடி வந்தார்கள். ஜப்பானியத் தொழிலாளர்களையே நம்பியிருக்கப் பிடிக்காமல், ஐரோப்பியக் குடும்பங்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோகத் திட்டம். 1907இல் மலகா துறைமுகத்தில் இருந்து 'ஹீலியோபோலிஸ்' கப்பலில் 2,000 பேருக்கு மேல் கிளம்பினார்கள். 1913 வரை ஆறு கப்பல்களில் சுமார் 8,000 பேர். (கரும்புத் தோட்டம், கப்பல், ஆள்பிடிப்பு என்றதும் நமக்கு ஃபிஜி ஞாபகம் வரும். ஒப்பந்த விவரம் வேறு, பசி ஒன்றுதான்.)

ஹவாயில் கூலி கட்டுப்படியாகவில்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பெரும்பாலோர் கலிபோர்னியாவுக்குக் கப்பலேறினார்கள். அதில் ஒரு கூட்டம் வந்து இறங்கிய இடம் எது தெரியுமா? மவுண்டன் வியூ, சன்னிவேல். அப்போது இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஆப்ரிகாட், பிளம் தோப்புகள். ஆண்கள் தோப்பில் பழம் பறித்தார்கள், பெண்கள் டப்பா அடைக்கும் ஆலைகளில் பழம் நறுக்கினார்கள். சன்னிவேலில் லிபி ஆலையின் தண்ணீர்த் தொட்டி, பழக்கலவை டப்பா மாதிரி வண்ணம் பூசி இன்னும் நிற்கிறது. நம் ஆட்களும் அந்த வழியாகத்தான் தினமும் அலுவலகம் போகிறோம்.

இப்போது இந்தத் தலைமுறைக்கு வருவோம். 2008 நெருக்கடிக்குப் பின் ஸ்பெயினில் வேலை தேடிய இளைஞர்களில் பாதிக்கு மேல் வேலையில்லாமல் நின்ற வருஷங்கள் உண்டு. முதலீடு தேடி மேற்கே வந்தவர்களுக்கு ஊர்ப்பெயர்களில் இருக்கும் எந்தப் புனிதரின் பெயரும் கைகொடுக்கவில்லை. மாட்ரிட்டில் 2007இல் தொடங்கிய ஏலியன்வால்ட், இணையப் பாதுகாப்பு மென்பொருளோடு சான் மட்டேயோவுக்கு இடம் மாறி, 2018இல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் கைக்குப் போனது. பார்சிலோனாவின் மரியா அலெக்ரே கூட்டாளியோடு சான்ஃபிரான்சிஸ்கோவில் 2011இல் தொடங்கிய சார்ட்பூஸ்ட் என்ற கைபேசி விளம்பர நிறுவனத்தை, பத்து வருஷம் கழித்து சிங்கா என்ற விளையாட்டு நிறுவனம் சுமார் 25 கோடி டாலருக்கு வாங்கியது. உள்ளூரில் வழியில்லை, மூட்டையைக் கட்டு என்று கிளம்பியவர்கள்தான் இவர்களும். மிஷன் பாதிரியாரைவிட அந்த ஆலைத் தொழிலாளிதான் இவர்களுக்கு நெருங்கிய சொந்தம்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை பெர்னார்தோ கிந்தேரோவுடையது. கோப்புகளில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் சேவையை மலகாவில் உருவாக்கினார். 2012இல் கூகுள் அதை வாங்கியது. அவர் கூகுள் தலைமையகம் இருக்கும் மவுண்டன் வியூவுக்குக் குடிபோகவில்லை, மலகாவிலேயே இருந்துகொண்டார். 2023இல் கூகுள் ஓர் இணையப் பாதுகாப்பு மையத்தை அங்கே கொண்டுபோய்த் திறந்தது. ஹீலியோபோலிஸ் கிளம்பிய அதே ஊரில்.

பாரம்பரியம் பற்றி இன்னொன்று. இன்று பே ஏரியாவில், அதாவது சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், ஸ்பானிய மொழியை உயிரோடு வைத்திருப்பது உணவகச் சமையலறையிலும் கட்டட வேலையிலும் இரவு நேரத் துப்புரவிலும் இருக்கும் மெக்சிகோ, எல் சால்வடோர்க்காரர்கள். சான் ஹோசேயின் பெயருக்கு வாரிசு என்றால் முதல் வரிசை ஒலோனிகளுக்கும் இவர்களுக்கும்தான். மாட்ரிட்டில் இருந்து வருகிற நிறுவனர் முதலீட்டாளரிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, விருந்தில் மட்டும் 'எங்கள் கலிபோர்னியா' என்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

அடுத்த தடவை ஸ்பெயினில் இருந்து ஒரு தொழில்குழு வந்தால், மிஷன் வாசலில் படம் எடுத்த கையோடு சன்னிவேல் தொட்டிக்கும் அரைமணி நேரம் ஒதுக்கட்டும். பார்க்கிங் பிரச்சினைகூட இருக்காது.