பக்கெட் பிரியாணிக் கணக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து என் கமெண்ட்டோட ஸ்கிரீன்ஷாட் சுத்திக்கிட்டிருக்கு. என்ன நடந்துச்சுன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு இன்பாக்ஸ்ல வந்து சேர்ந்திருக்கும். அதனால முழுக்கதையும் மறுபடி பாடப் போறதில்ல. சுருக்கமா: கோடு எழுத உதவற ஏஐ டூலுக்கு மாசம் 20 டாலர் சந்தாவைப் புரோகிராமர் தன் சொந்தக் காசுலயே கட்டணும்னு ஃபேஸ்புக்ல ஒரு அண்ணன் போஸ்ட் போட்டார். "மாசம் ஒரு பக்கெட் பிரியாணிக் காசு. அதைக்கூடத் தன் தொழிலுக்குப் போட மனசு வராதவன் எல்லாம் எதுக்குப் புரோகிராமர்னு சொல்லிக்கிறான்?" இதுதான் அண்ணன் திருவாய் மலர்ந்தது. அதுக்குக் கீழ நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அந்தக் காசைக் கம்பெனி ஏன் தரக்கூடாது?" பதில் வரல, ஸ்கிரீன்ஷாட்தான் வந்துச்சு. மேல "பிச்சைக்கார மனநிலை"ன்னு தலைப்பு வேற.

ரெண்டு நாள் சும்மா இருந்து பார்த்தேன். முடியல.

முதல்ல அந்தப் பிரியாணியைக் கணக்குப் பார்த்துருவோம். 20 டாலர். டாலர் 85 ரூபான்னு குறைச்சே வச்சாலும் 1,700. அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 306. அப்புறம் வெளிநாட்டுப் பரிவர்த்தனைன்னு கார்டு குடுத்த பேங்க் தன் பங்குக்குப் பிடிக்கும். 2,000 தாண்டிருச்சு. வருஷத்துக்கு 24,000. மூணரை லட்சம் பேக்கேஜ்ல சேர்ந்த பையனுக்குப் பிஎஃப் எல்லாம் போகக் கைக்கு வர்றது 25,000 பக்கம். அதாவது வருஷத்துல ஒரு மாசச் சம்பளத்தை அப்படியே தூக்கிக் குடுத்துரணும். மாசம் 10,000 டாலர் வாங்கறவனுக்கு அதே 20 டாலர் 0.2 சதவீதம். இவனுக்கு 8 சதவீதம். நாப்பது மடங்கு வித்தியாசம். துரைப்பாக்கத்துல ஒரு ரூம்ல மூணு பேர் படுத்துக்கிட்டு, மாசக் கடைசியில மெஸ்ஸுல அக்கவுன்ட் எழுதறவன்கிட்டப் போய்ப் பக்கெட் கணக்கு சொல்றாங்க. அவன் பிரியாணியைப் பக்கெட்ல வாங்கறதில்லைங்க. பாதி பிளேட்.

ஆனா என் கேள்வி காசு அதிகமா குறைச்சலாங்கறது இல்ல. 20 ரூபாயா இருந்தாலும் இதையேதான் கேட்பேன். வேலை யாருக்கு? லாபம் யாருக்கு? அப்போ கருவி யார் செலவு?

உடனே ஒருத்தர் வருவார்: "ஆட்டோக்காரர் சொந்த ஆட்டோ வாங்கலையா சார்?" வாங்கறார். சவாரிக் காசு அவர் சட்டைப் பையில விழுதே. எனக்கு விழுதா? ஃப்ரீலான்ஸ் பண்றவங்க சொந்தக் காசு போட்டு வாங்கறது நியாயம், கிளையன்ட் பில்லுல ஏத்திக்கலாம். அவங்களை நான் சொல்லல. மாசச் சம்பளக்காரனைப் பத்திப் பேசறேன். அவன் எழுதற ஒவ்வொரு வரியும் கம்பெனி சொத்துன்னு முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கறாங்க. வரி உன்னோடது, எழுதற பேனா மட்டும் என்னோடதா?

எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல டர்னர், அதாவது லேத் மெஷின்ல இரும்பு கடையறவர். ஒரே பட்டறையில 31 வருஷம். லேத் முதலாளியோடது. இரும்பைச் சீவற டூல் பிட் முதலாளி வாங்கித் தரணும். கூலன்ட் ஆயில், கழிவுப் பஞ்சு வரைக்கும் முதலாளி கணக்கு. டூல் முனை உடைஞ்சா ஸ்டோர்ல உடைஞ்ச துண்டைக் காட்டிட்டுப் புதுசு வாங்கிட்டு வருவார். "என் சம்பளத்துல டூல் பிட் வாங்கினாத்தான் நான் உண்மையான டர்னர்"னு அவர் ஒருநாளும் நினைச்சதில்ல. யாராவது சொல்லியிருந்தா யூனியன் ஆபீஸ்ல சிரிச்சிருப்பாங்க.

இந்த அப்பா கதையைப் போன வருஷம் ஒரு குரூப்ல சொன்னப்போ ஒரு நண்பர் சரியா மடக்கினார். "உங்க அப்பாகிட்ட சொந்த வெர்னியர் இருந்துச்சுன்னு நீங்கதானே எழுதினீங்க?" இருந்துச்சு. தடிமன் அளக்கற கருவி, ஜப்பான் மிட்டுட்டோயோ கம்பெனி வெர்னியர் காலிப்பர், 1989 தீபாவளி போனஸ்ல வாங்கினது. அந்த வருஷம் அம்மாவுக்குப் புடவை இல்ல, இன்னிக்கும் சொல்லிக்காட்டுவாங்க. மெஷின் ஆயில் தொட்ட மஞ்சத்துணியில சுத்தி, டிபன் பையில வச்சு எடுத்துட்டுப் போவார். பக்கத்து மெஷின்காரர் கேட்டாக்கூடத் தர மாட்டார். "அளவு கை மாறினா கெட்டுடும்"பார். அப்போ எனக்கு அது கஞ்சத்தனமாத்தான் பட்டுச்சு.

அந்த நண்பருக்கு அன்னிக்குப் பதில் சொல்ல முடியல. இப்போ சொல்றேன். அந்த வெர்னியர் அப்பாவோடது. ரிட்டையர் ஆன அன்னிக்குப் பூமாலை, சால்வையோட அதையும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தார். இன்னிக்கும் பீரோவுல இருக்கு. என் பையன் அதுல பென்சில் தடிமன் அளக்கறான், 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் பிசகாம காட்டுது. மாசாமாசம் அந்த ஜப்பான்காரனுக்கு அப்பா காசு கட்டல. ஒரு மாசம் கட்டலைன்னா தாடை ரெண்டும் இறுகிக்கிட்டுத் திறக்க மாட்டேன்னு சொல்லல.

இப்ப நம்மகிட்ட விக்கறது வெர்னியர் இல்லைங்க, வாடகை. 2021 அக்டோபர் 1 ஞாபகம் இருக்கா? கார்டுலிருந்து மாசாமாசம் தானாக் காசு பிடிக்கறதுக்கு ரிசர்வ் பேங்கோட புது விதி அமலுக்கு வந்த அன்னிக்கு, வெளிநாட்டு சந்தா எல்லாம் வரிசையா ஃபெயில் ஆச்சு. என் கார்டுல காசு இருந்துச்சு. கட்ட மனசும் இருந்துச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு ரிலீஸை வச்சுக்கிட்டு "உங்கள் சந்தா காலாவதியாகிவிட்டது"ங்கறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். பிச்சைக்கார மனநிலையாம்.

நான் காசு குடுக்காதவன் இல்ல, அதையும் சொல்லிடறேன். (இதைச் சொல்ல வேண்டி வந்ததுலயே எனக்குக் கடுப்பு.) கோடு எழுதற சாஃப்ட்வேர் விக்கற ஜெட்பிரெயின்ஸ்காரன் 2015ல சந்தா முறைக்கு மாறப் போறேன்னு சொன்னப்போ உலகம் பூராத் திட்டினாங்க. அவன் கொஞ்சம் இறங்கி வந்து, ஒரு வருஷம் முழுசாக் கட்டினா அந்த வெர்ஷன் உனக்கே, நிறுத்தினாலும் ஓடும்னான். அதைப் பார்த்துதான் 2017ல என் சொந்தக் காசுல வாங்கினேன். மூணாவது வருஷத்திலிருந்து 40 சதவீதம் தள்ளுபடி, இன்னும் கட்டிட்டிருக்கேன். ஏன்னா அது வெர்னியர் ஜாதி. நிறுத்தினா கையில ஏதோ மிஞ்சும். இப்ப வர்ற ஏஐ சமாச்சாரம் எல்லாம் நிறுத்தின நிமிஷம் கை காலி.

"இலவசமா எவ்வளவோ இருக்கே, அதை எடுத்துக்க வேண்டியதுதானே?" எடுத்துக்கறோம் சார். கோடு எழுதற இலவச எடிட்டர் விஎஸ் கோடு இல்லாத லேப்டாப் ஓஎம்ஆர்ல இருக்கா? விம்னு இன்னொரு இலவச எடிட்டர், அதைத் திறந்தா உகாண்டாவுல இருக்கற ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கன்னு ஒரு வரி வரும், அவ்வளவுதான் அதை உருவாக்கின பிராம் மூலனார் கேட்டது. அந்த மனுஷன் 2023ல போய்ச் சேர்ந்தப்போ நிஜமாவே கலங்கிட்டேன். ஆனா இலவசம்னு நம்பி உட்கார்ந்த இடத்துல பாதியில பாயை உருவினதும் நடந்திருக்கு. புரோகிராமைத் தனிப்பெட்டி மாதிரி கட்டி ஓட்டற டூல் டாக்கர் டெஸ்க்டாப், 2021 ஆகஸ்ட்ல, 250 பேருக்கு மேல இருக்கற, இல்ல ஒரு கோடி டாலருக்கு மேல வருமானம் இருக்கற கம்பெனிகள் காசு கட்டணும்னு அறிவிச்சுச்சு. நியாயம்தான், பெரிய கம்பெனி கட்டட்டுமே! அப்போ நான் இருந்த கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? கெடு முடியற 2022 ஜனவரி கடைசி வாரத்துல லீகல்லிருந்து ஒரு மெயில்: "உடனே அன்இன்ஸ்டால் செய்யவும்." அவ்வளவுதான். மாத்து வழி என்ன, யார் பண்றது, எந்த நேரத்துல? சனி ஞாயிறு ரெண்டு நாளும் ஆறு பேர் உட்கார்ந்து, அதே வேலை செய்யற இலவச டூல் பாட்மேனுக்கு மாத்தினோம். டீ, சமோசா எங்க காசு.

அடுத்த கல் எங்கிருந்து வரும்னு தெரியும். "காலேஜ்ல கிராக் பண்ணின சாஃப்ட்வேர்ல படிச்சவன்தானே நீ, இன்னிக்கு நியாயம் பேசறியா?" ஆமாங்க. 2003, பாரிமுனை, பர்மா பஜார். விஷுவல் ஸ்டூடியோ சிடி நூறு ரூபா சொன்னான், எண்பதுக்குப் பேசி வாங்கினேன். அந்த வயசுல கடைக்குப் போய் ஒரிஜினல் கேட்கற வசதி எந்த வீட்டுல இருந்துச்சு? காலேஜ் லேப்ல இருந்தது சி மொழியில புரோகிராம் எழுதிப் பழகற அந்த நீலத் திரை டர்போ சி. அதுக்கு யார் லைசென்ஸ் வாங்கினாங்கன்னு எந்த வாத்தியாரும் சொன்னதில்ல, நாங்களும் கேட்டதில்ல. திருட்டு திருட்டுதான், பூசி மெழுகல. 1976லயே பில் கேட்ஸ் காசு குடுக்காம காப்பியடிக்கறீங்கன்னு திறந்த கடிதம் எழுதித் திட்டினது அமெரிக்கக்காரங்களை, அம்பத்தூர்காரனை இல்லைங்கறதை மட்டும் ஞாபகப்படுத்திக்கறேன். அந்த டர்போ சி பண்ணின போர்லாண்ட் கம்பெனிதான் 1983ல டர்போ பாஸ்கல்ங்கற புரோகிராமிங் டூலை 49.95 டாலருக்கு வித்தது. மத்தவன் நூத்துக்கணக்குல விலை சொன்ன காலம் அது. லைசென்ஸுல என்ன எழுதினான்? இதை ஒரு புத்தகம் மாதிரி வச்சுக்கோ, யார் வேணா படிக்கலாம், ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல மட்டும் இருக்கக் கூடாதுன்னான். மனுஷனுக்குப் புரியற லைசென்ஸ். அப்படி ஒருத்தன் நியாயமா வித்தா நானும் வாங்குவேன், எங்க அப்பாவும் வாங்குவார்.

சரி, எங்கேயோ போயிட்டேன். நான் இவ்வளவு சூடானதுக்கு அந்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் காரணம் இல்ல.

எங்க டீம்ல போன ஜூலைல ஒரு பொண்ணு சேர்ந்துச்சு. திண்டிவனம் பக்கம், குடும்பத்துல முதல் பட்டதாரி. போன மாசம் அதோட டிக்கெட், அதாவது அதுக்குக் குடுத்த வேலை எல்லாம் திடீர்னு வேகமா முடிய ஆரம்பிச்சுது. நானும் சந்தோஷப்பட்டு, ஸ்டாண்டப் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் பாராட்டினேன். அப்புறம் ஒருநாள் கேன்டீன்ல மெதுவாச் சொல்லுச்சு. "அண்ணா, நான் மாசாமாசம் கட்டி ஒரு டூல் யூஸ் பண்றேன். பெரியம்மா பையன் கிரெடிட் கார்டு. எல்லாரும் வேகமா முடிக்கறாங்க, எனக்குப் பயமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

வெளிய போகக் கூடாத கிளையன்ட் கோடைச் சொந்த அக்கவுன்ட்ல போட்டிருக்கு. தெரிஞ்சா வேலை போகும். தெரியாத வரைக்கும் வேகம் கம்பெனிக்கு, 2,000 ரூபா அதோட செலவு, மாட்டினா தப்பும் அதோட தலையில. பாராட்டினது நான். என் பாராட்டைக் கேட்டு அடுத்த மாசமும் கட்டியிருக்கும்.

இதைத்தான் அண்ணன் "தொழில் பக்தி"ங்கறார். ஐயாயிரம் லைக்கு. கமெண்ட்ல பாதி அதே மாதிரி முதல் வருஷப் பசங்க. "உண்மை அண்ணா", "இன்னிக்கே வாங்கறேன் அண்ணா". அதைப் படிக்கப் படிக்கத்தான் எனக்கு வயிறு எரிஞ்சுது. நீங்க வாங்குங்க, உங்க காசு, நான் தடுக்கல. ஆனா வாங்க முடியாத பையனைப் பார்த்து நீ புரோகிராமரே இல்லன்னு சொல்ல யார் நமக்கு உரிமை குடுத்தா? அரசாங்க இலவச லேப்டாப்ல கோடிங் கத்துக்கிட்டு வந்த பசங்க இந்த ஊர்ல எத்தனை பேர்!

"அப்படின்னா நீ உன் கம்பெனியில கேளு, ஃபேஸ்புக்ல எதுக்குப் பொங்கற?" இதுதான் எனக்கு உண்மையிலேயே உறைச்ச கமெண்ட். கேட்டிருக்கேன். டீம்ல பதினோரு பேருக்கு லைசென்ஸ் வேணும்னு மேனேஜருக்கு மெயில் போட்டு அஞ்சு வாரம் ஆச்சு. "பட்ஜெட் சைக்கிள் வரட்டும்", "செக்யூரிட்டி டீம் பார்க்கணும்", அப்புறம் ஒரு தம்ஸ்அப். பேரைச் சொல்லாம, இது இல்லாம பசங்க வேற வழி தேடிக்கறாங்கன்னும் எழுதினேன். அதுக்குப் பதில் இல்ல.

நாளைக்குப் பதினோரு மணிக்கு மறுபடி ரிமைண்டர் போடணும். நாலாவது தடவை. அந்தப் பொண்ணோட பெரியம்மா பையன் கார்டுல அடுத்த பிடித்தம் பதினாலாம் தேதி.